பணத்தின் பாதையில் ஊதியமின்றி உழைப்போர்

2010ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், இந்திய ரூபாய்க்கெனத் தனிக் குறி ஒன்றை மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த வடிவமைப்பாளர் உதயகுமார் வரைந்த அக்குறி, தேவநாகரியின் ரகர எழுத்தையும் ரோமன் எழுத்தான ‘ஆர்’ வடிவத்தையும் ஒருங்கே நினைவூட்டுவது. காகிதத்தில் அதனை எழுத எவர்க்கும் சிரமமில்லை. கணினியில்தான் சிக்கல் எழுந்தது. விசைப்பலகையில் அதற்கு இடமில்லை, எழுத்துருக்களில் வடிவமில்லை, உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் ஒருங்குறி அட்டவணையில் அதற்கென ஓர் எண்ணும் இல்லை. இடைக்கால ஏற்பாடாக, எண் ஒன்றுக்கு இடப்புறம் உள்ள விசையைத் தட்டினால் ரூபாய்க் குறி தோன்றும் எழுத்துரு ஒன்று பரவியது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே ஆவணத்தைத் திறந்தால், தொகைக்கு முன்னால் ஒரு சிறு கீற்று மட்டுமே நிற்கும்.

அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த ஒருங்குறி 6.0 பதிப்பில் ரூபாய்க் குறிக்கு முறையான எண் கிடைத்தது. அதே மாதத்தில் வெளியான உபுண்டு 10.10 என்னும் இயங்குதளத்தில் அக்குறி எழுத்துருவுடனேயே சேர்ந்து வந்தது. விண்டோஸ் 7 பயன்படுத்துவோருக்கு அதற்கான திருத்தம் 2011ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் வந்து சேர்ந்தது. உபுண்டு விலைக்கு விற்கப்படும் பொருளன்று. அதன் பின்னால் ஒரு நிறுவனம் உண்டு என்பது மெய்யே; ஆயினும் அதனுள் அடங்கிய மென்பொருள்களில் பெரும்பகுதி, பல நாடுகளிலும் சிதறிக் கிடக்கும் பங்களிப்பாளர்களால் எழுதப்பட்டது. அவர்களுள் ஊதியம் பெறுவோரும் உளர். மாலை நேரத்தையும் விடுமுறை நாளையும் ஈந்து உழைப்போரும் உளர்.

இவ்வாறு உருவாகும் மென்பொருளைத் திறந்த மூல மென்பொருள் என்றும், கட்டற்ற மென்பொருள் என்றும் வழங்குகிறோம். ஒரு மென்பொருளை ஆக்கிய நிரல் வரிகள் அனைத்தும் யாவரும் படிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் தக்கவாறு திறந்து வைக்கப்படுவதே அதன் இலக்கணம். சமையற்குறிப்புடன் சேர்த்துப் பரிமாறப்படும் உணவு என்று கொள்ளலாம். 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டமும், 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இம்முறைக்கு வலுவான அடித்தளமிட்டன. இன்று நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இயங்குவதும் லினக்ஸ் கருவே. கைப்பேசியில் மின்கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர் ஒருவர், தாம் அறியாமலேயே, முகமறியாத பல்லாயிரம் பேரின் உழைப்பைத் தொட்டுவிடுகிறார்.

பணத்தைக் கையாளும் நமக்கு அண்மையான எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். கணக்கேட்டில் 12,34,567 என்று எழுதுகிறோம். முதற் காற்புள்ளி மூன்று இலக்கத்திற்குப் பின். அதன் பிறகு இரண்டிரண்டு இலக்கத்திற்கு ஒன்று. மேலை நாட்டார் அதே தொகையை 1,234,567 என்று எழுதுவர். இந்தியாவில் இலட்சம், கோடி என்னும் முறை என்பதைக் கணினி தானாக அறியாது. எந்த மொழியில், எந்த நாட்டில், காற்புள்ளி எங்கே விழும், நாளும் மாதமும் எவ்வரிசையில் வரும், நாணயத்தின் பெயர் என்ன என்பவற்றைத் தொகுத்து வைத்துள்ள பொதுத் தரவுத் தொகுப்பு ஒன்று ஒருங்குறிச் சேர்த்தியத்தின் பொறுப்பில் பேணப்படுகிறது. நிறுவனங்களும் மொழியறிந்த தன்னார்வலர்களும் அதற்குத் தரவு அளித்து, ஒருவர் அளித்ததை மற்றவர் சரிபார்க்கின்றனர். உலகின் பெரும்பான்மையான கைப்பேசிகளும் உலாவிகளும் அத்தொகுப்பையே நம்பியுள்ளன. ஒரு காற்புள்ளி இடம் மாறினால் இழப்பு ஏதும் நேராமற் போகலாம்; ஆனால் எழுபது வயது முதியவர் ஒருவர் தம் வைப்புத்தொகை எவ்வளவு என்று திரையில் பார்த்து ஒரு கணம் திகைத்து நிற்பார். அத்திகைப்பு நேராமற் காப்பதும் ஒரு பணியே.

காற்புள்ளியைக் காட்டிலும் பெரிய பொறுப்புகளும் இத்தகைய கைகளில் இருக்கின்றன. இணையவழி வங்கிச் சேவையைத் திறக்கும்போது, நம் கணினிக்கும் சேவையகத்திற்கும் இடையே செல்லும் செய்திகள் பிறர் படிக்க இயலாதவாறு மறையீடு செய்யப்படுகின்றன. இவ்வேலையைச் செய்யும் மென்பொருள்களுள் உலகில் மிகப் பரவலானவற்றுள் ஒன்று ஓப்பன் எஸ்.எஸ்.எல். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், அதில் ஒரு பெரும் வழு இருப்பது உலகிற்கு அறிவிக்கப்பட்டது. ‘ஹார்ட்பிளீட்’ என்று பெயர் பெற்ற அவ்வழு, 2012 மார்ச் மாதம் வெளியான பதிப்பு முதல் இரண்டாண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

வழுவின் தன்மை எளியது. ‘நான் இங்கேதான் இருக்கிறேன், நீயும் இருக்கிறாயா’ என்று ஒரு கணினி மற்றொன்றுக்குச் சிறு சொல் ஒன்றை அனுப்பும். மறுமுனை அச்சொல்லையே திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பும் சொல்லின் நீளத்தையும் கேட்பவரே குறிப்பிடுவார். நான்கு எழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு, அதன் நீளம் பல்லாயிரம் எழுத்து என்று பொய் கூறினால், சேவையகம் அதனைச் சரிபார்க்காமல், தன் நினைவகத்தில் அருகே கிடந்தவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டது. ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை அள்ளலாம். அதில் கடவுச்சொல் இருக்கலாம். மறையீட்டின் திறவுகோலே இருக்கலாம். கனடாவின் வருவாய்த் துறை தன் இணையச் சேவையைச் சில நாள் நிறுத்தி வைக்க நேர்ந்தது. அதற்குள் ஏறத்தாழ 900 குடிமக்களின் சமூகக் காப்பீட்டு எண்கள் களவு போயிருந்தன.

வழுவைக் காட்டிலும் அதன் பின்னணியே நம்மைச் சிந்திக்க வைப்பது. அந்நாளில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். திட்டத்தில் முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். அத்திட்டம் ஆண்டொன்றுக்கு நன்கொடையாகப் பெற்றதோ ஏறத்தாழ 2,000 டாலர். உலகின் பெருவங்கிகளும் பெருவணிகங்களும் தம் வாயிற்கதவை எந்தப் பூட்டால் பூட்டினவோ, அந்தப் பூட்டைப் பழுது பார்ப்பவருக்கு ஒரு கடைச் சிப்பந்தியின் ஆண்டு ஊதியம்கூட நன்கொடையாக வந்து சேரவில்லை. வழுவுக்குக் காரணமான வரிகளை எழுதியவரும் தம் விருப்பத்தால் பங்களித்தவரே. அவ்வரிகளைச் சரிபார்த்தவர் கண்ணுக்கும் அது தப்பிவிட்டது. எழுதியவரைக் குறை கூறுவது எளிது. இரண்டாவது, மூன்றாவது கண்கள் அங்கே ஏன் இல்லை என்பதே கேட்கத்தக்க வினா என்று நமக்குத் தோன்றுகிறது. அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே லினக்ஸ் அறக்கட்டளையின் முயற்சியால் பெருநிறுவனங்கள் சில ஒன்றுகூடி இத்தகைய அடிப்படைத் திட்டங்களுக்கென நிதி ஒதுக்கின.

பத்தாண்டு கழித்து நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. கோப்புகளைச் சுருக்கிச் சேமிக்கும் எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருள் லினக்ஸ் கணினிகள் எங்கும் இருப்பது. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ் காலின் என்பவர் பல ஆண்டுகளாக அதனை ஊதியமின்றிப் பேணி வந்தார். 2022ஆம் ஆண்டில், திருத்தங்கள் ஏன் தாமதமாகின்றன என்று சிலர் அவரைப் பொதுவெளியில் நெருக்கினர். நெடுநாளைய மனநலச் சிக்கல்களால் தம்மால் முன்போல ஈடுபட இயலவில்லை என்றும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும் என்றும் அவர் மறுமொழி எழுதினார். அவ்வேளையில் ஜியா டான் என்னும் பெயருடைய ஒருவர் பணிவோடும் உழைப்போடும் உதவிக்கு நின்றார். மெல்ல மெல்லப் பொறுப்பும் அவர் கைக்குச் சென்றது. ஈராண்டுக்கு மேல் பொறுமையாகக் காத்திருந்த அவர், 2024இன் தொடக்கத்தில் வெளியிட்ட இரு பதிப்புகளில், பிறர் கணினிக்குள் நுழையத்தக்க கள்ளக் கதவொன்றை மறைத்து வைத்தார்.

அதனைக் கண்டறிந்தவர் ஆண்ட்ரெஸ் பிராயண்ட் என்னும் பொறியாளர். போஸ்ட்கிரஸ் என்னும் திறந்த மூலத் தரவுத்தளத்தை உருவாக்குவோருள் ஒருவர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பணிபுரிபவர். வேறொரு சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை வினாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் தேடிச் சென்று, 2024 மார்ச் 29 அன்று உலகிற்கு அறிவித்தார். நஞ்சு கலந்த பதிப்புகள் அப்போது சோதனை நிலையிலிருந்த இயங்குதளங்களில் மட்டுமே பெரும்பாலும் பரவியிருந்தன; பெரும் சேவையகங்களை இன்னும் எட்டவில்லை. ஜியா டான் என்ற பெயரின் பின்னே இருந்தவர் யார் என்பது இதுவரை நிறுவப்படவில்லை.

இந்நிகழ்ச்சியிலிருந்து, திறந்த மூலமே ஆபத்தானது என்று சிலர் முடிவு கட்டினர். நாம் அவ்வாறு கருதவில்லை. நிரல் திறந்திருந்ததனால்தான் வெளியாள் ஒருவர் அதனைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. பழுதுபட்டது அதன் முறையன்று. தனியொருவர் தோளில் எல்லாச் சுமையும் ஏற்றப்பட்டதே கேட்டுக்குக் காரணம். களைத்துப்போன ஒருவருக்கு உண்மையான உதவியாளர் நால்வர் முன்னரே இருந்திருப்பின், ஐந்தாவதாக வந்த போலி அவ்வளவு எளிதில் சாவியைப் பெற்றிருக்க மாட்டார்.

நிரல் எழுதத் தெரியாத நாம் இதில் என்ன செய்ய இயலும் என்ற வினா வாசகர்க்கு எழக்கூடும். மென்பொருளாக்கத்தில் நிரல் எழுதுவது ஒரு பகுதியே. மொழிபெயர்ப்பு, வழு அறிவித்தல், புதிய பதிப்புகளை முன்கூட்டியே சோதித்தல், பயனர் கையேடு எழுதுதல், புதியவர் ஐயங்களுக்கு விடை கூறல் ஆகியவற்றுக்கு எப்போதும் ஆள் போதாது. இவற்றுள் மொழிபெயர்ப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். ஏனெனில் வங்கியோடு பழகியவர்க்கு அங்கே தனித்தகுதி உண்டு.

க்னூகேஷ் என்னும் திறந்த மூலக் கணக்கியல் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 1998இல் முதற் பதிப்பு கண்ட அது, வீட்டு வரவு செலவையும் சிறுவணிகக் கணக்கையும் இரட்டைப் பதிவு முறையில் எழுத உதவுவது. அதன் சொற்களைப் பல மொழிகளில் பெயர்க்கும் பணி, வெப்லேட் என்னும் பொதுத் தளத்தில் உலாவி வழியாகவே நடைபெறுகிறது. மொழிபெயர்ப்பவர் முன் ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றாக, பெரும்பாலும் சூழல் ஏதுமின்றி, வந்து நிற்கும். ‘ஷேர்’ என்று ஒரு சொல் வருகிறது. கைப்பேசிச் செயலியில் அது ‘பகிர்’, கணக்கியலிலோ ‘பங்கு’. ‘இன்ட்ரஸ்ட்’ என்பது ஆர்வமா, வட்டியா? ‘பேலன்ஸ்’ என்பது சமநிலையா, இருப்பா? ‘குளோஸ்’ என்றால் சாளரத்தை மூடுவதா, ஆண்டுக் கணக்கை முடிப்பதா? ‘சேவ்’ என்பதைச் ‘சேமி’ என்றால், கோப்பைச் சேமிப்பதோ பணத்தைச் சேமிப்பதோ என்று பயனர் மயங்கக்கூடும்.

நிரலில் வல்ல இளைஞர் ஒருவர் அகராதியைப் புரட்டி இவற்றைப் பெயர்த்தால், பற்று இருக்க வேண்டிய இடத்தில் வரவு வந்து அமரவும் இடமுண்டு. முப்பது ஆண்டு பேரேடு எழுதி ஓய்வு பெற்றவர்க்கோ, பொருள் கேட்ட மாத்திரத்தில் சொல் வாயில் நிற்கும். நம் வாடிக்கையாளர்களுள் ஓய்வு பெற்ற கணக்காளர்களும் ஆசிரியர்களும் அலுவலர்களும் எத்தனை பேர்! அவர்களுடைய சொல்லறிவு, எந்த மென்பொருள் நிறுவனமும் விலைக்கு வாங்க எண்ணாத செல்வம். ஒன்றை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும். தூய தமிழ்ச்சொல் தேடும் ஆர்வத்தில், எவரும் கேட்டறியாத சொல்லைப் பொத்தானில் பொறித்துவிடலாகாது. ‘காசோலை’ வழக்கில் நிலைத்துவிட்டது, அதனை எழுதலாம். ‘ஏ.டி.எம்.’ என்பதற்கு மாற்றாக நான்கு சொற்களைக் கோத்து எழுதினால், பயனர் ஆங்கில இடைமுகத்திற்கே திரும்பிவிடுவார். முன்பே மொழிபெயர்த்தவர்கள் கையாண்ட சொற்களைப் பார்த்து, அவற்றோடு இசைந்து செல்வதும் மரியாதை.

ஒரு மொழிச் சமூகம் ஒன்றுபட்டால் என்ன விளையும் என்பதை அறியக் கேரளத்தை நோக்கலாம். அங்கே 2002 முதல் இயங்கிவரும் ‘சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்னும் தன்னார்வக் கூட்டமைப்பு, மீரா, ரச்சனா, மஞ்சரி முதலிய எழுத்துருக்களை யாவரும் பயன்படுத்தத்தக்கவாறு பேணி வழங்குகிறது. அவர்கள் தமிழுக்கும் ‘மீரா இனிமை’ என்ற எழுத்துரு ஒன்றைத் திறந்த உரிமத்தில் அளித்துள்ளனர் என்பதை நம்மில் பலர் அறியோம். 2018 ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தின்போது, உதவி வேண்டுவோரையும் உதவ வந்தோரையும் இணைத்த ‘கேரளா ரெஸ்கியூ’ தளம் தன்னார்வலர்களால் எழுதப்பட்டு, அதன் நிரலும் பொதுவில் வைக்கப்பட்டது. வெள்ளம் சூழ்ந்த வீட்டின் மாடியிலிருந்து ஒருவர் கைப்பேசியில் எழுதிய விண்ணப்பம், எங்கோ ஓரிடத்தில் உறங்காதிருந்த மாணவர் ஒருவர் அன்றிரவு எழுதிய வரிகளின் வழியே மீட்புப் படையினரை அடைந்திருக்கும்.

மொழிபெயர்ப்புக்கு அடுத்தது வழு அறிவித்தல். ‘இம்மென்பொருள் சரியில்லை’ என்று எழுதுவது அறிவிப்பாகாது. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எதைச் செய்தோம், என்ன நிகழும் என்று எதிர்பார்த்தோம், என்ன நிகழ்ந்தது என்பவற்றை வரிசையாகச் சொல்ல வேண்டும். ‘அறிக்கையை அச்சிடும்போது பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட தொகைகளில் மட்டும் காற்புள்ளி மேலை முறையில் விழுகிறது, திரையில் சரியாக உள்ளது’ என்று ஒருவர் எழுதினால், பழுதின் இடத்தைப் பாதி சுட்டிக்காட்டிவிட்டார் எனலாம். எழுதுவதற்கு முன், அதே குறையை வேறொருவர் முன்பே அறிவித்திருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பதும் நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. இத்திட்டங்களின் பதிவுகள் யாவரும் காணத்தக்கவை. எழுதியது நெடுங்காலம் அங்கேயே இருக்கும். குறையைக் காட்டத் திரையைப் படமெடுத்து இணைக்கும்போது கணக்கு எண், கைப்பேசி எண், இருப்புத் தொகை ஆகியவற்றை மறைத்துவிட வேண்டும். போலிப் பெயரும் போலித் தொகையும் கொண்ட மாதிரிக் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் சோதிப்பது இன்னும் பாதுகாப்பானது. பாதுகாப்பு தொடர்பான குறை என்று ஐயம் எழுந்தால் அதனைப் பொதுவில் எழுதாமல், அத்திட்டம் அதற்கெனக் குறிப்பிட்டுள்ள தனி வழியில் தெரிவிக்க வேண்டும். வங்கிச் செயலியில் காணும் குறைகளோ, வங்கிக்கே தெரிவிக்கத்தக்கவை. இன்னொன்று: திறந்த மூலத் திட்டத்தில் பங்களிக்கக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம் கேட்டும், சான்றிதழுக்கு முன்பணம் கேட்டும் எவரேனும் அணுகினால், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டிலுள்ள மாணவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் அக்டோபரில் ‘ஹாக்டோபர்பெஸ்ட்’ என்னும் இயக்கம் நடைபெறுகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தம் அனுப்புவோர்க்கு டி-ஷர்ட் பரிசு என்பது அதன் வழக்கமாக இருந்தது. 2020இல் அப்பரிசை விரும்பி, நம் நாட்டினர் உட்படப் பலரும், அறிமுகக் கோப்பில் ஒரு பாராட்டுச் சொல்லைச் சேர்ப்பது, ஓர் இடைவெளியை நீக்குவது போன்ற வெற்றுத் திருத்தங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பினர். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மறுக்க வேண்டிய வேலை, முன்பே களைத்திருந்த பராமரிப்பாளர் தலையில் விழுந்தது. முன்வந்து ஒப்புக்கொண்ட திட்டங்களில் செய்த திருத்தங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று அமைப்பாளர்கள் விதியை உடனே மாற்ற நேர்ந்தது. வேலைவாய்ப்புக்கான தன்விவரக் குறிப்பில் ஒரு வரி கூடட்டும் என்பதற்காகச் செய்யும் பங்களிப்பு பெரும்பாலும் இவ்விதமே முடிகிறது. தாம் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருளில், தமக்கு இடைஞ்சலாக இருக்கும் ஒரு குறையிலிருந்து தொடங்குவோரே நிலைத்து நிற்கின்றனர்.

முதல் திருத்தம் திருப்பி அனுப்பப்பட்டால் மனம் தளர வேண்டா. அனுபவமிக்கவர்களுக்கும் அது நிகழ்வதே. மறுமொழி வர வாரங்கள் ஆகலாம். மறுமுனையில் இருப்பவர் அலுவலகம் முடிந்து, பிள்ளைகளை உறங்க வைத்தபின் அமர்ந்திருப்பவராக இருக்கக்கூடும். நம்மவர் கடிதங்கள் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கிச் ‘சீக்கிரம் செய்து தரவும்’ என்று முடிவதுண்டு. அங்கே ஐயாவும் இல்லை, ஆணையும் இல்லை. பெயர் சொல்லி அழைத்து, நன்றி கூறி, காத்திருப்பதே அவ்வுலகின் நடைமுறை.

நேரம் இல்லாதவர் பொருளுதவி செய்யலாம். லிபரே ஆபிஸ், க்னூகேஷ் போன்ற திட்டங்கள் சிறு நன்கொடைகளையும் ஏற்கின்றன. நம் நாட்டு நிறுவனங்களும் இதனை உணரத் தொடங்கியுள்ளன. பெங்களூரைச் சேர்ந்த பங்குத் தரகு நிறுவனமான ஜீரோதா, உலகெங்குமுள்ள திறந்த மூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலர் வழங்கும் நிதி ஒன்றை 2024இல் அறிவித்தது. 2015இலேயே மத்திய அரசும் தன் துறைகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை வெளியிட்டது. பயன்படுத்துவதில் காட்டும் ஆர்வத்தைப் பேணுவதிலும் காட்டும் நிறுவனங்கள் இன்னும் பெருக வேண்டும் என்பது நம் விழைவு. வங்கித் துறையும் அதற்கு விலக்கன்று.

தொடங்க விரும்புவோர் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. லிபரே ஆபிஸைத் திறந்து, அதன் இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றி, ஒரு வாரம் வழக்கமான வேலைகளை அதிலேயே செய்து பாருங்கள். பொருந்தாத சொல், பாதியில் வெட்டுண்ட சொற்றொடர், மொழிபெயர்க்காமல் விட்ட பொத்தான் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள். உதவிப் பட்டியலில் கருத்துத் தெரிவிப்பதற்கான வழி இருக்கிறது. தாளில் உள்ளவற்றுள் மிகச் சிறியதை முதலில் அனுப்புங்கள்.